பன்னீராயிரம் உரு: ஸ்ரீமந் நாதமுனிகள் சரித்திரம்

திருவிழா நாட்களில் எம்பெருமான் திருவீதி எழுந்தருளும் அழகைக் கண்ட அடியார்கள், அந்தப் புறப்பாட்டின் முறையையும் கவனித்திருப்பார்கள். பெருமாளுக்கு முன்னே திவ்யப் பிரபந்தம் ஓதும் கோஷ்டி செல்லும். வேதம் ஓதும் கோஷ்டி பின்னே வரும். தமிழ் முன் செல்ல, அதன் பின்னே பெருமாள், அவருக்கும் பின்னே மறை என்னும் இந்த வரிசை எல்லோர்க்கும் பழகிப்போன காட்சியே. ஆனால் ஒரு காலத்தில் முன்னே ஓதுவதற்குப் பாட்டே இல்லாமற் போயிருந்தது. ஆழ்வார்கள் அருளிய நாலாயிரமும் ஓதுவார் இன்றி மறைந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பாசுரங்கள் மட்டுமே அடியார் நாவில் தங்கியிருந்தன. மறைந்ததை மீட்டுக் கொணர்ந்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். அவர் திருமேனி நீத்த இடம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் என்பது, கல்லங்குறிச்சிக் கலியுக வரதரையும் பெரம்பலூர் மதனகோபாலரையும் ஸேவித்து வரும் அன்பர்களிற் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும்.

நாதமுனிகள் அவதரித்த ஊர் வீரநாராயணபுரம். இன்று கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் என வழங்குவது அதுவே. சோபகிருது வருஷம், ஆனி மாதம், அனுஷ நக்ஷத்திரம் என்று குருபரம்பரை நூல்கள் குறிக்கின்றன, அது கி.பி. 823 என்பது ஸம்பிரதாயக் கணக்கு. ஆயினும் ஊரின் பெயர் வேறொரு கதையைச் சொல்கிறது. வீரநாராயணன் என்பது 907இல் பட்டமேறிய முதற் பராந்தக சோழனின் விருதுப்பெயர். வீராணம் என்று இன்று வழங்கும் வீரநாராயணப் பேரேரி அவன் காலத்தது. ஆகவே சரித்திர ஆசிரியர்கள் நாதமுனிகளைப் பத்தாம் நூற்றாண்டினர் என்பர். எவ்வாறாயினும் சோழநாடு தலையெடுத்து வந்த காலத்தவர் அவர் என்பதில் ஐயமில்லை.

தந்தையார் ஈசுவர பட்டர். பிள்ளைக்கு இட்ட திருநாமம் ரங்கநாதன். யோகத்தில் தேர்ந்தமையால் முனி என்பது சேர்ந்து நாதமுனி என்றாயிற்று. வேத வேதாந்தங்களும் இசையும் கைவந்த குடும்பம் அது. குமாரர் ஈசுவரமுனி பிறந்து வளர்ந்த பின், நாதமுனிகள் குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை மேற்கொண்டார். மதுரை, பிருந்தாவனம், கோவர்த்தனம் எனக் கண்ணன் கால் பட்ட தலங்களை ஸேவித்து, யமுனைக் கரையிலேயே தங்கிவிட்டார். திரும்பும் எண்ணமே இல்லை. ஒருநாள் மன்னனார் கனவில் தோன்றி ஊருக்கு வரும்படி நியமித்தார் என்பர். யமுனைக் கரையின் சுகத்தை விட்டுத் திரும்பியவருக்கு ஊரில் காத்திருந்தவை நந்தவனக் கைங்கரியமும் திருமடைப்பள்ளிக் கைங்கரியமும்தாம். அவற்றைக் குறைவற நடத்திவந்தார்.

அந்நாளில் மேல்நாட்டிலிருந்து சில வைஷ்ணவர்கள் மன்னனாரை ஸேவிக்க வந்தனர். ஸந்நிதியில் நின்று குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களை ஓதினர். கேட்ட நாதமுனிகள் உருகிப்போனார். ஆனால் கடைசிப் பாசுரத்தில் ஒரு சொல் அவர் நெஞ்சில் தைத்தது. அந்தப் பத்தும் குருகூர்ச் சடகோபன் பாடிய ஆயிரத்துள் அடங்கியவை என்று அது அறிவித்தது. மற்றவை எங்கே என்று வந்தவர்களை வினவினார். தங்களுக்குத் தெரிந்தது அந்தப் பத்தே என்று அவர்கள் கைவிரித்தனர். பலரும் அன்றைக்கு அந்தப் பத்தைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பர். இவருக்கோ அந்தப் பத்தின் இன்பத்தைக் காட்டிலும் மற்றவை இல்லை என்ற துன்பமே பெரிதாயிற்று.

அவர் பாதரக்ஷையைத் தொட்டுப் புறப்பட்டுவிட்டார் என்றே கொள்ளலாம். முதலில் கொள்ளிடம் கடந்து திருக்குடந்தை. ஆராவமுதன் ஸந்நிதியிலும் அந்தப் பத்தே. அதற்கு மேல் அறிந்தார் இல்லை. அங்கிருந்து தெற்கே தாமிரபரணிக் கரைத் திருக்குருகூர், அதாவது ஆழ்வார்திருநகரி. இன்று ரயிலில் ஓரிரவில் முடியும் அந்த வழியை அக்காலத்தில் காடும் ஆறும் கடந்து கால்நடையாகவே செல்ல வேண்டும். அவ்வளவு தூரம் சென்றதற்குக் கிடைத்தது இன்னொரு ஏமாற்றம். ஆழ்வாருடைய ஊரிலேயே ஆழ்வார் பாட்டை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

அவ்வூரில் மதுரகவிகளின் சிஷ்ய பரம்பரையைச் சேர்ந்த பராங்குச தாஸர் என்னும் பெரியவர் இருந்தார். திருவாய்மொழி நெடுங்காலத்துக்கு முன்பே மறைந்துவிட்டது என்று அவரும் தெரிவித்தார். ஆனால் தம்மிடம் ஒன்று எஞ்சியிருப்பதாகச் சொன்னார். மதுரகவியாழ்வார் தம் ஆசாரியரான நம்மாழ்வாரைப் பற்றிப் பாடிய கண்ணிநுண் சிறுத்தாம்பு என்னும் 11 பாசுரங்களே அது. அதனை ஆழ்வார் திருமுன்பே, மனம் ஒருமுகப்பட்டு, நியமத்தோடு 12,000 உரு ஓதினால் ஆழ்வார் பிரஸன்னமாவார் என்பது மதுரகவிகள் வாக்காக அவர்கள் பரம்பரையில் வழங்கிவந்தது.

இங்கேதான் நாதமுனிகளின் உறுதியை அளந்து பார்க்க வேண்டும். பன்னீராயிரம் என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். ஓதுவதற்கு எவ்வளவு ஆகும்? ஒரு முறைக்குப் பாசுரங்கள் 11; ஆக மொத்தம் 1,32,000 பாசுரங்கள். நிறுத்தி ஓதினால் ஓர் உருவுக்கு ஐந்து நிமிஷமாவது செல்லும். பன்னீராயிரம் உருவுக்கு 1,000 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் இடைவிடாது ஓதினாலும் 100 நாட்கள் வேண்டும். நித்திய கர்மங்களும் உடம்பின் தளர்ச்சியும் குறுக்கிடுவதை எண்ணினால் இன்னும் கூடும். நியமம் பிறழாமல் அமரவேண்டும், எண்ணிக்கை தவறக்கூடாது, எண்ணிக்கையிலேயே மனம் போய்ப் பொருள் நழுவிவிடவும் கூடாது. திருநாள் ஸேவாகாலத்தில் ஒருநாள் முழுதும் நின்று ஓதிய அன்பர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

முதல் நூறு உருவில் உற்சாகம் இருக்கும். முதல் ஆயிரத்தில் பிடிவாதமாவது இருக்கும். ஐயாயிரத்தைத் தாண்டியும் ஒரு குறிப்பும் தெரியாதபோது என்ன இருக்கும்? ஆழ்வார் பேசவில்லை. ஊரார்க்கு இவர் யாரோ. பராங்குச தாஸர் சொன்னதற்கு முன்பு ஒருவர் செய்து காட்டிய சாட்சியமும் இல்லை. வீரநாராயணபுரத்தில் நந்தவனம் காத்திருக்கிறது. வீண்முயற்சி என்று எழுந்துவிட அவருக்குக் காரணங்கள் குறைவில்லை.

அவரைத் தாங்கியது அந்தப் பதினொன்றின் பொருளே எனப் பெரியோர் கருதுவர். மதுரகவிகள் அதில் எம்பெருமானிடம்கூட வேறொன்றும் வேண்டவில்லை. ஆசாரியனே தெய்வம், அவர் பேரைச் சொல்வதே இனிமை என்று நின்றுவிட்டார். தமக்கென வேறு பலன் வேண்டாத பாட்டை ஓதுகிறவருக்குப் பலன் தாமதமாவது பெரிதாகத் தோன்றாது. அமர்ந்த இடமும் அதற்கு ஏற்றதே. நம்மாழ்வார் வீற்றிருந்த அந்தத் திருப்புளியாழ்வார்க்கு உறங்காப்புளி என்றொரு பெயர் உண்டு. மற்றப் புளிய மரங்கள் இரவில் இலையை மூடிக்கொள்ளும். இது மூடுவதில்லை என்பது தலத்து ஐதீகம். உறங்காத மரத்தின் அடியில் உறக்கத்தை வென்று ஒருவர் அமர்ந்திருந்தார்.

பன்னீராயிரம் நிறைந்தது. ஆழ்வார் பிரஸன்னமாகி, வேண்டுவது யாது என வினவினார். நாதமுனிகள் கேட்டது திருவாய்மொழியை மட்டும். கிடைத்ததோ திருவாய்மொழி 1,102 பாசுரங்களோடு, ஆழ்வார்கள் அனைவரும் அருளிய நாலாயிரமும், அவற்றின் பொருளும், யோக ரகசியமும். பின்னால் அவதரிக்கவிருந்த எம்பெருமானாரின் திருமேனியையும் அப்போதே காட்டியருளினார் என்பது ஸம்பிரதாயம்.

மீட்பது ஒரு பாடு என்றால், மீண்டும் இழக்காமல் காப்பது அதனினும் பெரும்பாடு. நாதமுனிகளை வெறும் பக்தராக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். முன்பு பாட்டு மறைந்தது அதனைக் காக்க ஓர் ஏற்பாடு இல்லாமையால் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஊர் திரும்பியதும் பாசுரங்களை நான்கு ஆயிரங்களாக வகுத்தார். மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரையும் அழைத்துப் பண்ணும் தாளமும் அமைத்துப் பயிற்றினார். ஏட்டில் மட்டும் இருந்தால் செல்லரிக்கும். இசையோடு நாவில் ஏறினால் நிற்கும். ஸ்ரீரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றும் நடக்கும் அரையர் ஸேவை அந்த ஏற்பாட்டின் வழிவந்ததே.

அவர் இசைப்புலமையைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. சோழன் அவையில் ஒருத்தி தேவகானம் பாட, அதன் அருமை அறியாத அரசன் அவளைப் பொருட்படுத்தவில்லை. அவள் மன்னனார் ஸந்நிதியில் வந்து பாடியபோது நாதமுனிகள் மெச்சினார். செய்தி அறிந்த அரசன் அவருடைய ஞானத்தைச் சோதிக்க விரும்பினான். பல தாளங்களை ஒருசேரத் தட்டச் செய்ய, ஒவ்வொன்றின் எடையையும் ஒலியைக் கொண்டே அவர் பிரித்துரைத்தாராம். பன்னீராயிரம் உருவில் ஒன்றும் தவறவிடாத செவிக்கு அது பெரிதல்ல.

நியாய தத்துவம், யோக ரகசியம் என்னும் நூல்களும் அவர் அருளியவை. இரண்டும் இன்று கிடைப்பதில்லை. நியாய தத்துவத்தைப் பின்வந்த ஆசாரியர்கள் எடுத்தாண்ட இடங்களால்தான் அறிகிறோம்.

சிஷ்யர்களுள் இருவரை இங்கே சொல்லவேண்டும். ஒருவர் திருவெள்ளறையைச் சேர்ந்த உய்யக்கொண்டார். மற்றவர் குருகைக் காவலப்பன். யோகம் வேண்டுமா, பிரபந்தமும் அதன் பொருளும் வேண்டுமா என்று ஆசாரியர் கேட்டபோது, காவலப்பன் யோகத்தை விரும்பினார். உலகம் துன்பத்தில் கிடக்கத் தாம் மட்டும் யோக சுகத்தில் ஆழ்வது தகாது என்று கருதிய உய்யக்கொண்டார், பலருக்கும் பயன்படும் பிரபந்த வழியை ஏற்றார். உலகை உய்யக்கொண்டவர் என்னும் பெயர் அதனால் நிலைத்தது. பின்னால் ஈசுவரமுனிக்குப் பிறக்கப்போகும் பேரனுக்கு இவ்விரண்டு செல்வங்களும் சேரவேண்டும் என்று இருவருக்கும் ஆசாரியர் பணித்தார். யமுனைக் கரை வாசத்தின் நினைவாக யமுனைத்துறைவன் என்று பெயரிடவும் சொல்லிவைத்தார்.

ஒருநாள் அவர் யோகத்தில் அமர்ந்திருந்தபோது, வேட்டையாடித் திரும்பிய அரசன் பரிவாரத்தோடு அவர் திருமாளிகைப் பக்கம் வந்து போனான். கண் விழித்தவரிடம், வில்லேந்திய இருவரும் ஒரு பெண்ணும் ஒரு குரங்கும் தேடி வந்து போனதாகத் திருமகளார் தெரிவித்தார். வந்தவர்கள் சக்ரவர்த்தித் திருமகனும் இளையபெருமாளும் பிராட்டியும் திருவடியுமே என்று நாதமுனிகள் துணிந்தார். அவ்வளவுதான், ஓடத் தொடங்கினார். எதிர்ப்பட்டோரையெல்லாம் விசாரித்துக்கொண்டு மேற்கு நோக்கி ஓடினார். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வயது முதிர்ந்த உடல். கண்டோம் என்றவர் ஒருவரும் இல்லை. அவ்விடத்திலேயே திருமேனி சாய்ந்தது. ராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்து அந்தப் பெயர் வழங்கியது 11ஆம் நூற்றாண்டிலேதான். பிற்காலத்தார் தமக்குத் தெரிந்த பெயரால் இடத்தைக் குறித்தனர். அருகே சொர்க்கப்பள்ளம் என்னும் இடத்தை அவருடைய திருவரசு என்று வைஷ்ணவர்கள் ஸேவித்து வருகின்றனர்.

பேரன் பிறந்தான். யமுனைத்துறைவன் என்னும் அவரே ஆளவந்தார். உய்யக்கொண்டாரிடமிருந்து மணக்கால் நம்பி வழியாகப் பிரபந்தச் செல்வம் அவருக்குச் சேர்ந்தது. யோக ரகசியம் மட்டும் பாக்கி. நம்பியின் சொற்படி ஆளவந்தார் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தார். காவலப்பன் யோகத்தில் இருந்தமையால் இடையூறு செய்யாமல் சுவருக்குப் பின்னே நின்றார். திடீரெனக் காவலப்பன் கண் விழித்து, நாதமுனிகளின் சொட்டைக் குலத்தவர் யாரேனும் வந்திருக்கிறாரா என வினவினார். தாம் அனுபவித்துக்கொண்டிருந்த எம்பெருமான், பிராட்டி அழைத்தாலும் திரும்பாதவர், தம் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்ததால் அறிந்ததாகவும் கூறினார். பிறகு தாம் உடல் நீக்கும் நாளைக் குறிப்பிட்டு, தை மாதத்துப் பூசத்தில் இன்ன முகூர்த்தத்துக்கு முன் வந்தால் யோக ரகசியத்தைத் தருவதாக ஓலையில் எழுதியும் கொடுத்தார்.

ஆளவந்தார் ஸ்ரீரங்கம் திரும்பினார். அத்யயன உத்ஸவம் வந்தது. திருவனந்தபுரம் செல்லும்படி அடியாரை அழைக்கும் திருவாய்மொழிப் பாசுரத்தை அரையர் ஆளவந்தாரைப் பார்த்துப் பன்முறை பாடினார். பாட்டனார் பன்னீராயிரம் உரு ஓதி மீட்டுத் தந்த அதே தமிழ். கேட்ட மாத்திரத்தில் ஆளவந்தார் சிஷ்யர்களோடு மலைநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அனந்தபத்மநாபனை ஸேவித்து நின்றபோது ஓலையின் நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றே. ஒரு விமானம் இருந்தால் போய்ச் சேரலாமே என்று அவர் ஏங்கினார்.

அந்த முகூர்த்தத்தில் காவலப்பன் பரமபதம் சேர்ந்தார். யோக ரகசியம் அவரோடு போயிற்று. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்துப் பொன்னேரிக் கரையில் உள்ள சிற்றூர் இன்றும் குருவாலப்பர்கோயில் என்று அவர் பெயரையே திரித்து வழங்கி வருகிறது.