வெள்ளெலி லாயம்

அனுமார் என்றதும் நமக்கு வடைமாலைதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரோடு ஒரு பந்தயக் கார் ஐரோப்பாவில் ஓடியது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யார் அந்த அனுமார் பக்தர் என்று தேடப்போய், சயாம் இளவரசர் சுலா சக்கரபோங் என்னும் மனிதரிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

1908-இல் பாங்காக்கில் பிறந்தவர்; அரசர் சுலலாங்கொர்னின் பேரர். தாய் உருசியப் பெண். அந்த ஒரு காரணத்தால் அரியணை வரிசையில் அவருக்கு இடமில்லாது போயிற்று. செல்வம் இருந்தது, ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் பெற்ற கல்வி இருந்தது. ஆளத்தான் நாடு இல்லை.

பெற்றோரை இழந்து இங்கிலாந்தில் படித்துவந்த இளவரசர் பீராவுக்கு அவரே காப்பாளரானார். பீரா சுலாவின் தந்தைக்குச் சிற்றப்பன் மகன். நம் ஊர்க் கணக்கில் சுலாவுக்குச் சிற்றப்பா. ஆனால் வயதிலோ ஆறாண்டு இளையவர்! 1935-இல் பீராவின் 21-ஆம் பிறந்தநாளுக்குச் சுலா ஓர் இ.ஆர்.ஏ. பந்தயக் காரைப் பரிசளித்தார். ரோமுலஸ் என்பது அதன் பெயர். பின்பு ரெமஸ் வந்தது. அதன் பின்னரே நம் அனுமார். சுலாவின் செல்லப்பெயர் சயாமிய மொழியில் எலி. ஆகவே குழுவின் பெயர் வெள்ளெலி லாயம். கார்களின் பக்கத்திலும் ஒரு வெள்ளெலி.

பணக்காரர் விளையாட்டுத்தானே என்று நானும் முதலில் எண்ணினேன். ஆனால் பந்தயத்தில் சுலா ஓட்டவேயில்லை. ஓரத்தில் நின்று நேரத்தைக் கணக்கிட்டார். பீராவுக்குச் சைகை காட்டினார். ஒவ்வொரு பந்தயத்தையும் முன்கூட்டியே திட்டமிட்டார். முடிந்தபின் அதை எழுதியும் வைத்தார். 1936-இல் மொனாக்கோவில் ரோமுலஸ் முதலாவதாக வந்தது. பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் கழகத்தின் தங்க நட்சத்திரம் 1936, 1937, 1938 என மூன்றாண்டும் பீராவுக்கே. கைதட்டலும் அவருக்கே.

சறுக்காமலும் இல்லை. டிக் சீமன் என்ற ஓட்டுநர் வெற்றிமேல் வெற்றி கண்ட டெலாஜ் காரை 1937-இல் வாங்கி, புதுச் சட்டகம் செய்யப் பணத்தைக் கொட்டினார். கார் ஏமாற்றிவிட்டது. ஆயினும், 1939-இல் பந்தயத்தில் சீமன் மாண்டபின் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் சுலாதான். மனத்தில் கசப்பு வைக்காத மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

போருக்குப்பின் பந்தயத்தில் இருவர் வழியும் பிரிந்தன. பீரா ஓட்டிக்கொண்டிருந்தார், சுலா கார்ன்வாலில் எழுதிக்கொண்டிருந்தார். 1963 டிசம்பரில் இறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய பெரிய நூல் ஒன்று வெளிவந்தது. தமக்குக் கிட்டாத அந்த அரியணையில் அமர்ந்த சயாம் மன்னர்களின் வரலாறு அது.