கார்ல் டெர்சாகி

கார்ல் டெர்சாகி (அக்டோபர் 2, 1883 - அக்டோபர் 25, 1963) ஆஸ்திரியாவைச் சேர்ந்த குடிசார் பொறியாளரும் நிலவியலாளரும் ஆவார். மண் விசையியலின் தந்தை எனப் போற்றப்படும் இவர், நிலத்தடிக் குடைவுகளில் பாறையின் நிலைப்புத் தன்மை குறித்தும் முன்னோடி ஆய்வுகளைச் செய்தவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

டெர்சாகி பிராக் நகரில் பிறந்தார். கிராஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்று 1904 இல் பட்டமும் 1912 இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1916 முதல் இஸ்தான்புல்லில் கற்பித்தபடியே எளிய கருவிகளைக் கொண்டு மண்ணின் இயல்புகளை ஆராய்ந்தார். அதன் பயனாக 1925 இல் வியன்னாவில் வெளியான இவரது நூல் மண் விசையியலுக்கு அடித்தளமிட்டது. பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், வியன்னா, ஹார்வர்டு ஆகிய இடங்களில் பணியாற்றினார். 1943 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இவரது மனைவி ரூத் டெர்சாகியும் நிலவியலாளர் ஆவார்.

பாறைச் சுமை வகைப்பாடு

ஆய்வகத்தில் சோதிக்கப்படும் சிறு பாறைத்துண்டு மிக உறுதியாக இருக்கக்கூடும். ஆனால் மலைக்குள் உள்ள பாறை, வெடிப்புகளாலும் களிமண் அடுக்குகளாலும் துண்டுபட்டிருக்கும். ஆகவே குடைவின் கூரை நிலைப்பதைப் பாறையின் வலிமையை விட அதிலுள்ள குறைகளே தீர்மானிக்கின்றன என்பது டெர்சாகியின் அடிப்படைக் கருத்தாகும்.

1946 இல் வெளியிட்ட வகைப்பாட்டில் பாறைகளை ஒன்பது வகைகளாகப் பிரித்து, தாங்கிகள் சுமக்க வேண்டிய தளர்ந்த பாறையின் உயரத்தை ஒவ்வொன்றுக்கும் வரையறுத்தார். வெடிப்பற்ற கடினப் பாறைக்கு இது சுழியம். முற்றிலும் நொறுங்கிய பாறைக்குக் குடைவின் அகலம், உயரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைப் போல் 1.1 மடங்கு. குடைவு பெரிதாகும்போது சுமையும் பெருகும் என்பதால், அகன்ற சேமிப்புக் குகைகளைக் குடைவது குறுகிய சுரங்கப்பாதையைக் காட்டிலும் இடர் மிகுந்ததாகிறது.

குடைந்தவுடன் கூரை சிறிது நேரம் தானே தாங்கி நிற்கும். அந்த நேரம் முடியும் முன் தாங்கிகளை அமைக்காவிட்டால் பாறை சரிந்து தொழிலாளர் உயிருக்கு ஆபத்து நேரும். அழுத்தத்தால் மெல்லப் பிதுங்கும் பாறையையும் நீரை உறிஞ்சி வீங்கும் பாறையையும் இவர் வேறுபடுத்திக் காட்டினார்.

1952 இல் ரிச்சார்ட் என்பவருடன் இணைந்து, குடைவுகளைச் சுற்றியுள்ள பாறையில் ஏற்படும் தகைவுகள் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

மதிப்பீடு

டெர்சாகியின் வகைப்பாடு எஃகு வளைவுத் தாங்கிகளுக்காக உருவானது. பாறை ஆணிகளும் தெளிப்புக் கற்காரையும் பயன்படும் அகன்ற குகைகளுக்கு இது பொருந்தவில்லை. எனவே 1970களில் எண்மதிப்பு அடிப்படையிலான புதிய முறைகள் தோன்றின. எனினும் வெடிப்புகளை முதலில் ஆராயும் இவரது அணுகுமுறை அவற்றிலும் தொடர்கிறது.

சிறப்புகள்

பன்னாட்டு மண் விசையியல் கழகத்தின் முதல் தலைவராக 1936 முதல் 1957 வரை இருந்தார். அமெரிக்கக் குடிசார் பொறியாளர் கழகத்தின் நார்மன் பதக்கத்தை நான்கு முறை பெற்றார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இவர் வடிவமைப்பில் பங்காற்றிய மிஷன் அணைக்கு 1965 இல் டெர்சாகி அணை எனப் பெயர் மாற்றப்பட்டது.