விமானத்தையே தண்ணீர்த் தொட்டியில் இறக்கியது ஏன்? ஜெஃப்ரி டி ஹாவிலேண்ட் வாழ்க்கையும் ‘காமெட்’ தந்த பாடமும்

விமானத்தில் ஏறினால் பலரும் கேட்பது ஜன்னல் சீட்தான். ஆனால் அந்த ஜன்னலுக்கு ஏன் கூரான மூலையே இல்லை என்று கவனித்ததுண்டா? வீட்டு ஜன்னல், பஸ் ஜன்னல், ரயில் ஜன்னல் எல்லாம் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும். விமானத்தில் மட்டும் அந்த வளைவு எதுக்கு?

பதில் தேடிப் போனால் 1954-ல் மத்தியதரைக் கடலில் விழுந்த இரண்டு விமானங்களில் போய் நிற்கும். அவற்றைத் தயாரித்த நிறுவனத்தை உருவாக்கியவர் சர் ஜெஃப்ரி டி ஹாவிலேண்ட்.

யார் இவர்?

1882 ஜூலை 27 அன்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். தாத்தா கொடுத்த பணத்தை வைத்து, நண்பர் ஃபிராங்க் ஹெர்லுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு விமானம் கட்டினார். இறக்கைக்கான துணியைத் தைத்துக் கொடுத்தவர் மனைவி லூயி. 1909 டிசம்பரில் அது கொஞ்ச தூரம்தான் பறந்தது. இறக்கை முறிந்து விழுந்து நொறுங்கிவிட்டது. நல்லவேளையாக டி ஹாவிலேண்ட் உயிர் தப்பினார். அடுத்த வருடமே இரண்டாவது விமானத்தைக் கட்டி, அதில் தானாகவே பறக்கக் கற்றுக்கொண்டார்.

1920-ல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார. பூச்சிகள் மேல் அவருக்கு அலாதிப் பிரியம். அதனால் தன் சிறிய விமானங்களுக்கு ‘மோத்’, அதாவது அந்துப்பூச்சி என்று பெயர் வைத்தார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது அந்த வரிசையில் வந்த ‘புஸ் மோத்’ விமானத்தில்தான். அந்தத் தபால் சேவை பெல்லாரி வழியாக நம்ம மெட்ராஸ் வரை வந்தது.

வீட்டுக்குள் வந்த இழப்பு

விமானம் அவருக்குப் புகழைக் கொடுத்தது. மூன்று மகன்களில் இருவரை எடுத்துக்கொண்டதும் விமானம்தான்.

1943-ல் இரண்டு ‘மொஸ்கிட்டோ’ விமானங்கள் நடுவானில் மோதியதில் மகன் ஜான் இறந்தார். 1946 செப்டம்பர் 27 அன்று, நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானியாக இருந்த மூத்த மகன் ஜெஃப்ரி, டி.எச்.108 என்ற சோதனை விமானத்தை ஓட்டிச் சென்றார். அதிவேகத்தில் போன விமானம் தேம்ஸ் நதி முகத்துவாரத்துக்கு மேலே சிதறியது. 1949-ல் மனைவி லூயியும் காலமானார்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. அதே 1949-ல், டி ஹாவிலேண்டின் 67-வது பிறந்தநாள் அன்று, ‘காமெட்’ முதல் முறையாகப் பறந்தது. 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பயணிகளோடு கிளம்பியது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமான சேவை அதுதான்.

என்ன ஆச்சு காமெட்டுக்கு?

சரியாக ஒரு வருடம். 1953 மே 2 அன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட், இடி மின்னலோடு வந்த புயல் காற்றில் சிக்கி உடைந்தது. 43 பேர் பலி. வானிலைதான் காரணம் என்று பேசப்பட்டது.

1954 ஜனவரி 10 அன்று, ரோமிலிருந்து கிளம்பிய காமெட் எல்பா தீவு அருகே கடலில் விழுந்தது. வானிலை மோசமில்லை. 35 பேர் பலி. முதல் ஜோகன்னஸ்பர்க் பயணத்தில் பறந்த அதே விமானம் இது.

சேவை நிறுத்தப்பட்டது. நிபுணர்கள் கூடி யோசித்தார்கள். தீப்பிடித்திருக்கலாம், இன்ஜின் வெடித்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். ஆனால் உண்மையான காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே மார்ச் 23 அன்று காமெட் மறுபடியும் பறக்க ஆரம்பித்தது.

பதினாறே நாள். ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. 21 பேர் பலி. இந்த முறை காமெட் பறப்பதற்கான தகுதிச் சான்றிதழே பறிக்கப்பட்டது.

தொட்டிக்குள் விமானம்

எவ்வளவு செலவானாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பிரதமர் சர்ச்சில் உத்தரவிட்டார். எல்பா அருகே கடலுக்கடியில் டிவி கேமரா இறக்கி, கடற்படை துண்டு துண்டாக விமானத்தை மீட்டது. ஃபார்ன்பரோ ஆய்வு மையத்தில் ஆர்னால்ட் ஹால் தலைமையிலான குழு அந்தத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தது.

கூடவே இன்னொரு வேலையும் நடந்தது. பறந்துகொண்டிருந்த ஒரு காமெட்டைக் கொண்டுவந்து, அதன் உடற்பகுதியைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர்.

எதற்கு? உயரே போகப் போக வெளியே காற்று மெலிந்துவிடும். பயணிகள் மூச்சுவிட உள்ளே அழுத்தம் கூட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் பலூன் மாதிரி லேசாக உப்பி, இறங்கியதும் சுருங்கும். ஒரு ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் திடீரென்று உடையும் இல்லையா? அதேதான். இதற்குப் பெயர் உலோகச் சோர்வு. தொட்டியில் உள்ளே தண்ணீரைக் கூடுதலாக ஏற்றி இறக்கி, பல மணி நேரப் பயணத்தின் அழுத்தத்தைச் சில நிமிடங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். காற்றை வைத்துச் செய்திருந்தால் உடல் வெடிகுண்டு மாதிரி சிதறியிருக்கும். தண்ணீரில் அந்த ஆபத்து இல்லை.

ஏற்கெனவே 1,221 முறை பறந்த விமானம் அது. தொட்டியில் இன்னொரு 1,836 முறை தாங்கியது. பிறகு ஒரு ஜன்னல் திறப்பின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது.

சோதனை செய்யவே இல்லையா?

செய்தார்கள். இந்தக் கதையில் முக்கியமான இடமே இதுதான். டி ஹாவிலேண்ட் நிறுவனம் ஒரு மாதிரி உடற்பகுதியை 16,000 முறைக்கு மேல் சோதித்திருந்தது. ஆனால் அதே துண்டை, பலம் தெரிந்துகொள்வதற்காக, அதற்கு முன்பே வழக்கமான அழுத்தத்தைவிட இரு மடங்கு வரை உப்ப வைத்திருந்தார்கள். அதில் மூலைகளில் இருந்த உலோகம் சற்றே இழுபட்டு, சோர்வைத் தாங்கும் திறன் கூடிவிட்டது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்த நிலை இல்லை. சோதனையில் பாஸ் ஆனது ஒன்று, வானத்தில் பறந்தது வேறொன்று!

சதுர ஜன்னல்தான் காரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. காமெட் ஜன்னலின் மூலைகள் ஓரளவு வளைந்தே இருந்தன. எல்பா விமானத்தில் விரிசல் தொடங்கியதும் பயணிகள் ஜன்னலில் இல்லை, கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். எந்தத் திறப்பாக இருந்தாலும் மூலையில்தான் அழுத்தம் குவியும், கணக்கிட்டதைவிட அதிகமாகவே குவிந்தது என்பதுதான் விஷயம்.

பிறகு?

1954 இறுதியில் பகிரங்க விசாரணை நடந்தது. 1955-ல் அறிக்கை வெளியானது. கண்டுபிடித்ததை யாரும் பூட்டி வைக்கவில்லை. போட்டி நிறுவனங்களுக்கும் அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. திருத்திக் கட்டிய ‘காமெட் 4’, 1958 அக்டோபர் 4 அன்று அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது. மூன்று வாரத்தில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 வந்தது. அதன்பின் சந்தை போயிங் பக்கம் போய்விட்டது. 1960-ல் டி ஹாவிலேண்ட் நிறுவனமும் ஹாக்கர் சிட்லி கைக்கு மாறியது.

1965 மே 21 அன்று, 82 வயதில் டி ஹாவிலேண்ட் காலமானார். முதல் விமானத்தைப் பறக்கவிட்ட செவன் பாரோஸ் வயல்வெளியின் மேலேயே அவரது அஸ்தி தூவப்பட்டது.

இன்றைக்குப் புதிய ரகப் பயணிகள் விமானம் ஒன்று வந்தால், பறக்கவே போகாத ஒரு முழு விமானத்தைத் தனியாக ஒதுக்கி, ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதிக்கிறார்கள். ஒரு விமானத்துக்கு எத்தனை வயது என்பதோடு, எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற கணக்கும் வைக்கிறார்கள். ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் மொத்தமும் கிழியாதபடி உடலை அமைக்கிறார்கள். அடுத்த முறை ஜன்னல் சீட் கிடைத்தால், அந்த வளைவான ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள்.