இரண்டு கிளாவரில் வாழும் லாண்டி

ஆபீஸ் நிர்வாகம் பார்த்தே காலம் கழித்தவரின் பெயரை, இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் உலகம் சொல்லுகிறது என்றால் அதிசயம்தான். ஆல்வின் லாண்டிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. காரணம், பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் அவர் கண்ட ஒரு யுக்தி.

லாண்டி 1905-ம் ஆண்டு பிறந்தவர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்துக்காரர். படித்தது வக்கீல் படிப்பு. ஆனால் சீட்டு அவரை விடவில்லை. 1925-ல் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் கப்பலில் போகும்போது பழைய ஆட்டத்தைத் திருத்திப் புது பிரிட்ஜை உண்டாக்கினார். 1930-களில் அமெரிக்காவுக்கே அந்தப் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் லாண்டியும் ஒருவர்.

வாய்ப்பூட்டு

நம் ஊர் 28, 304 ஆடியவர்களுக்கு ஏலம் கேட்பது தெரியும். பிரிட்ஜிலும் ஏலம் உண்டு. எதிரே இருக்கும் கூட்டாளியோடு வேறு பேச்சே கூடாது. கையில் இருப்பதை ஏலத்தின் மூலமாகவே உணர்த்த வேண்டும்.

எதிராளி எடுத்த எடுப்பில், துருப்பு இல்லாத ஆட்டம் ஒன்று என்று கேட்டு விடுகிறார். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. அதில் 15, 16, 17 என்று அவர் கையிலேயே இருக்கிறது. அடுத்தவர் வாய் திறக்கவே பயப்படுவார். துணிந்து கேட்டு, கூட்டாளி கை காலியாக இருந்தால் எதிராளி டபுள் சொல்லித் தீட்டி விடுவார். சும்மா இருந்தாலோ ஆட்டம் அவர்களுக்குப் போய்விடும்.

ஏஸ், ராணியோடு ஸ்பேட் ஐந்து. ராஜா, ஜாக்கியோடு ஹார்ட் ஐந்து வைத்திருப்பவர் பாடு இன்னும் திண்டாட்டம். ஸ்பேட் கேட்டால், கூட்டாளியிடம் ஹார்ட் குவிந்திருக்கலாம். ஹார்ட் கேட்டால் எதிர்மாறாக இருக்கலாம்.

இதற்குத்தான் லாண்டி வழி சொன்னார். இரண்டு கிளாவர் என்று கேள். அதற்குக் கிளாவர் என்று அர்த்தமே இல்லை! ஸ்பேட், ஹார்ட் இரண்டும் என்னிடம் இருக்கிறது, உனக்கு எது தோதோ அதைச் சொல் என்று அர்த்தம். கூட்டாளி தன்னிடம் அதிகம் இருப்பதைத் துருப்பாகச் சொல்வார்.

நிஜமாகவே கிளாவர் நிறைய வைத்திருப்பவர் இனி அதைக் கேட்க முடியாதே? முடியாது. ஆனால் நாலு ஜாதியிலும் கடைசி ஜாதி கிளாவர். அதைக் கேட்டாலும் மற்றவர்கள் சுலபமாக மேலே போய்விடுவார்கள். போனது சொற்பம், வந்தது அதிகம்.

கூட்டாளிக்கு மட்டும் நினைவு தவறக் கூடாது. மறந்துபோய் பாஸ் சொன்னால், இரண்டே கிளாவரை வைத்துக்கொண்டு அதையே துருப்பாக ஆட வேண்டி வரும். இதில் ரகசிய ஜாடை எதுவும் இல்லை. எதிராளி கேட்டால் அர்த்தத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்பது விதி.

செயலாளர்

1950-களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் இருந்த அமெரிக்க பிரிட்ஜ் சங்கத்தின் நிர்வாகம் லாண்டி கைக்கு வந்தது. போட்டிக்கு இடம் பிடிப்பது, உறுப்பினர் கணக்கு, விதித் தகராறு என்று ஓயாத வேலை. நல்ல ஆட்டக்காரரை மேசையை விட்டுக் கிளப்ப இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் காலத்தில் சங்கத்தின் உறுப்பினர் தொகை பன்மடங்கு பெருகியது. 1958-ல் ஆஸ்லோவில் உலக பிரிட்ஜ் சம்மேளனம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பதவியில் இருக்கும்போதே 1967-ல் லாண்டி காலமானார்.

பின்னால் வந்தவர்கள் அவர் யுக்தியை விதவிதமாகத் திருத்தினார்கள். கப்பெல்லட்டி முறையில் இரண்டு கிளாவர் என்றால் ஏதோ ஒரு ஜாதி மட்டும் நீளம் என்று பொருள். ஸ்பேடும் ஹார்ட்டும் இருந்தால் இரண்டு டைமண்ட் கேட்க வேண்டும். மல்ட்டி லாண்டி என்ற முறையிலோ இரண்டு கிளாவருக்கு லாண்டி கொடுத்த அர்த்தமே இன்றும் இருக்கிறது.