புதுமைக்குத் தடை போட்ட மோட்டார் மன்னர்

பணக்காரர்கள் மட்டுமே மோட்டார் காரில் போன காலம் ஒன்று உண்டு. விவசாயியும் தொழிலாளியும் கார் வாங்க முடியும் என்று செய்து காட்டியவர், அமெரிக்காவின் ஹென்றி போர்டு.

உலகத்தையே மாற்றிய அவர், தாம் செய்த கார் மட்டும் மாறக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் அவருடைய கம்பெனி ஆட்டம் கண்டது. பெற்ற மகனின் மனமும் புண்பட்டது.

விவசாயி மகன்

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகே உள்ள ஒரு பண்ணையில், 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி போர்டு பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்தில் இருந்து வந்து குடியேறிய விவசாயி.

பண்ணை வேலை சிறுவன் ஹென்றிக்குப் பிடிக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பார்ப்பதும், மறுபடியும் பூட்டுவதும்தான் அவனுக்கு விளையாட்டு. அக்கம்பக்கத்தாரின் கடிகாரங்களைப் பழுது பார்த்துக் கொடுப்பான்.

1876-ல் தாயார் இறந்து போனார். அதே ஆண்டில், குதிரை இல்லாமல் சாலையில் தானாகவே ஓடி வந்த ஒரு நீராவி எஞ்சினை ஹென்றி பார்த்தான். அந்தக் காட்சி அவன் மனதை விட்டு அகலவே இல்லை.

1879-ல் டெட்ராய்ட் நகருக்குப் போய், பட்டறையில் தொழில் கற்றார். 1888-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். 1891-ல் எடிசன் மின்சாரக் கம்பெனியில் எஞ்சினீயராகச் சேர்ந்தார்.

சுவரை இடித்தார்

பகலில் கம்பெனி வேலை. இரவில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்த வேலை. 1896-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி அதிகாலையில் அவருடைய முதல் கார் தயாராயிற்று. ஆனால் அதை வெளியே கொண்டுவர முடியவில்லை. கொட்டகையின் வாசலை விட வண்டி அகலமாக இருந்தது!

போர்டு யோசிக்கவில்லை. கோடரியை எடுத்தார். செங்கல் சுவரை இடித்தார். வண்டி வீதிக்கு வந்தது. அதற்கு நான்கு சைக்கிள் சக்கரங்கள். பின்னால் போவதற்கு கியர் கிடையாது.

முதலில் தொடங்கிய கம்பெனி 1901-ல் மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியை விட்டு 1902-ல் வெளியேறினார். 1903 ஜூன் 16-ந் தேதி போர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது.

"டி" மாடல்

1908 அக்டோபரில் "டி" மாடல் கார் விற்பனைக்கு வந்தது. விலை 850 டாலர். எஞ்சினுக்கு 20 குதிரைச் சக்தி. மணிக்கு 40 மைல் வேகத்துக்கு மேலும் ஓடும்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமங்களில் நல்ல சாலைகள் இல்லை. "டி" மாடல் தரையில் இருந்து உயரமாக நின்றதால் சேற்றிலும் பள்ளத்திலும் போயிற்று. பழுதானால் விவசாயியே சரி செய்து கொள்ளலாம்.

ஒரு வேடிக்கை. பெட்ரோல் தொட்டி ஆசனத்துக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில் எஞ்சின் பக்கம் உயர்ந்து விட்டால், பெட்ரோல் போகாது. அதனால் பலர் காரைத் திருப்பி, பின்பக்கமாகவே மேடு ஏறினார்கள்!

1913-ல் போர்டு தொழிற்சாலையில் ஒரு பெரிய மாறுதல். அதுவரை தொழிலாளிகள் காரைத் தேடிப் போனார்கள். இனிமேல் கார் நகர்ந்து நகர்ந்து தொழிலாளியிடம் வந்தது. ஒருவர் ஒரு வேலையை மட்டும் செய்தால் போதும். முன்பு ஒரு காரைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 1914-ல் 93 நிமிடத்தில் முடிந்தது.

அதே ஆண்டு ஜனவரியில், எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்தார். அது முன்பு கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் கம்பெனி ஆட்கள் வீடு தேடி வந்து, குடிக்கிறாரா, குடும்பத்தை ஒழுங்காக நடத்துகிறாரா என்று விசாரித்த பிறகே முழுத் தொகையும் கிடைக்கும்.

1925-ல் "டி" மாடல் கார் 260 டாலருக்குக் கூடக் கிடைத்தது.

அவருடைய எண்ணம்

கார் என்பது ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்கு. அழகு பார்ப்பதற்கு அல்ல என்பது போர்டின் எண்ணம். நன்றாக ஓடும் காரை ஆண்டுதோறும் மாற்றுவது வீண் செலவு என்று கருதினார். 1914 முதல் 1925 வரை "டி" மாடலுக்கு கறுப்பு ஒன்றே நிறம்.

ஆறு சிலிண்டர் எஞ்சின் அவருக்குப் பிடிக்காது. 1906-ல் அவருடைய கம்பெனி செய்த ஆறு சிலிண்டர் கார், விலை அதிகமானதால் சரியாக விற்கவில்லை. அந்தக் கசப்பு நெடுநாள் இருந்தது.

எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் பிரேக்கையும் அவர் நம்பவில்லை. அந்த பிரேக்கில், காலால் மிதித்ததும் குழாயில் உள்ள திரவம் நான்கு சக்கரங்களையும் ஒரே சீராகப் பிடிக்கும். குழாய் ஒழுகினால் என்ன ஆவது என்பது போர்டின் கவலை. இரும்புக் கம்பியே மேல் என்றார்.

1912-ல் அவர் ஐரோப்பா போயிருந்த சமயம், "டி" மாடலைத் திருத்தி, புதிய கார் ஒன்றைச் செய்து வைத்தார்கள். திரும்பி வந்த போர்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கதவைப் பிய்த்து எறிந்து, காரையே நொறுக்கி விட்டதாக, அவரிடம் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் கூறினார்கள்.

தந்தையும் மகனும்

போர்டுக்கு ஒரே மகன். பெயர் எட்சல். 1919-ல் எட்சல் கம்பெனித் தலைவர் ஆனார். பதவி மகனுக்கு, அதிகாரம் தந்தைக்கு.

எட்சல் அழகுக் கலையில் ஈடுபாடு உள்ளவர். அமைதியானவர். மக்களின் விருப்பம் மாறிவிட்டது என்பதை அவர் கண்டார். போட்டிக் கம்பெனியின் செவர்லே கார், பல நிறங்களில் வந்தது. தவணை முறையிலும் கிடைத்தது. ஆறு சிலிண்டர் வேண்டும், புதிய பிரேக் வேண்டும் என்று எட்சல் கேட்டார். தந்தை மறுத்தார். மற்றவர்கள் முன்னிலையில் அவமதிக்கவும் செய்தார்.

1926-ல் எட்சலின் நெருங்கிய உறவினரும் கம்பெனி அதிகாரியுமான எர்னஸ்ட் கான்ஸ்லர், புதிய கார் தேவை என்று விளக்கி, போர்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சில மாதங்களில் அவர் வேலை போயிற்று.

விற்பனை சரிந்தது. வேறு வழி இல்லை. 1927 மே 26-ந் தேதி ஒன்றரைக் கோடியாவது "டி" மாடல் கார் வெளிவந்தது. மகன் ஓட்ட, தந்தை பக்கத்தில் உட்கார்ந்து போனார். அத்துடன் "டி" மாடலின் கதை முடிந்தது. புதிய கார் தயாராக வேண்டி, தொழிற்சாலை பல மாதம் நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.

டிசம்பரில் "ஏ" மாடல் வந்தது. அதன் அழகான தோற்றம் எட்சலின் கைவண்ணம். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருந்தது. ஆனால் கம்பி பிரேக்தான்!

ஆறு வேண்டாம் என்ற போர்டு, 1932-ல் எட்டு சிலிண்டருக்குத் தாவினார். எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொடுத்தார். முடியாது என்று சொன்னவர்கள் வியந்தார்கள். மனம் வைத்தால் புதுமை செய்யும் ஆற்றல், 68 வயதிலும் அவரிடம் குறையவில்லை.

எண்ணெய் பிரேக் மட்டும் 1939-ம் ஆண்டு கார்களில்தான் வந்தது. மலிவு விலை பிளிமத் காரில் அது 1928-லேயே வந்து விட்டது.

அழியாத கறை

போர்டின் வாழ்க்கையில் கறையும் உண்டு. அவர் நடத்திய பத்திரிகை யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்பியது. 1927-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டார். தொழிற்சங்கத்தை நெடுநாள் எதிர்த்தார். 1937-ல் சங்கத் தலைவர்களைக் கம்பெனி அடியாட்கள் அடித்தார்கள். 1941-ல்தான் சங்கத்தை ஒப்புக் கொண்டார்.

விளக்கு அணைந்தது

1943 மே 26-ந் தேதி எட்சல் புற்றுநோயால் இறந்தார். வயது 49. தந்தையும் மகனும் ஒன்றரைக் கோடியாவது "டி" மாடலில் சேர்ந்து போய், அன்றோடு சரியாக 16 ஆண்டுகள்!

79 வயதில் போர்டு மீண்டும் தலைவர் ஆனார். உடலும் மனமும் தளர்ந்திருந்தன. குடும்பத்தார் வற்புறுத்தவே, 1945-ல் பொறுப்பைப் பேரனிடம் கொடுத்தார்.

1947 ஏப்ரல் 7-ந் தேதி. வீட்டை ஒட்டி ஓடிய ஆற்றில் வெள்ளம். மின்சாரம் நின்று விட்டது. எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் எரிந்த வீட்டில், மனைவி அருகில் இருக்க, போர்டின் உயிர் பிரிந்தது. வயது 83.

குறுக்காகப் பூட்டிய பட்டை ஸ்பிரிங், "டி" மாடல் காலத்தில் இருந்து போர்டு கைவிடாத ஒன்று. மறு ஆண்டு பேரன் வெளியிட்ட புதிய போர்டு காரில் அது இல்லை. எட்சல் உயிரோடு இருந்திருந்தால், அந்தக் காரைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்.