மண் தந்த மருந்து

களிமண்ணைச் சூளையிலிட்டுப் பீங்கானாக்கும் தொழிலால் பெயர்பெற்ற ஊர் விருத்தாசலம். மண் கலமாவதை அவ்வூரார் நன்கறிவர். மண்ணிலிருந்து உயிர்காக்கும் மருந்தும் கிடைக்கும் என்பதை உலகிற்குக் காட்டிய அறிஞர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 சனவரி 12 அன்று அவர் பிறந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்றும் தளராது, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வென்றார். உடன்பிறந்தோர் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குப் பலியாயினர். அத்துயரம் அவர் நெஞ்சில் நிலைத்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை மருத்துவக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். அது பேராசிரியரின் சினத்திற்கு இலக்காயிற்று. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பணியாற்றியபின் அமெரிக்கா சென்றார். இரவில் மருத்துவமனை ஊழியராக உழைத்தவாறே ஹார்வர்டில் ஆய்வைத் தொடர்ந்தார்.

அக்காலத்தில் அறுவை செம்மையாக முடிந்தாலும் நோயாளி பிழைப்பது உறுதியன்று. தைத்த புண்ணில் கிருமி புகுந்து சீழ்பிடித்தால் உயிருக்கே இறுதி நேரும். 1865இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் வழியைக் கண்டார். எனினும் குருதியில் கலந்துவிட்ட கிருமியை அது அழிக்கவில்லை. பின்னர் வந்த பென்சிலினுக்கும் அடங்காத கிருமிகள் பல இருந்தன.

1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்த சுப்பாராவ், அங்கு ஆய்வுக்குத் தலைமையேற்றார். அவர் வழிகாட்டுதலில் பல இடங்களின் மண் மாதிரிகள் ஆராயப்பட்டன. 1945இல் பெஞ்சமின் டக்கர், மிசௌரி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து பொன்னிற மருந்தொன்றைக் கண்டறிந்தார். அதுவே டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின். சுப்பாராவின் குழுவினர் உருவாக்கிய ஃபோலிக் அமிலம், அவர் உடன்பிறந்தோரைக் கொன்ற ஸ்புரூவுக்கும் மருந்தாயிற்று. 1948இல் ஆரியோமைசின் வெளிவந்தது. அவ்வாண்டே, 53ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

இன்று தேவையான அறுவைகளில், கத்தி படுவதற்குச் சற்றுமுன் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து செலுத்தப்படுகிறது. கிருமி நுழையும் வேளையில் மருந்து உடலில் காவல் நிற்கிறது. அறுவை முடிந்தபின் காரணமின்றி அதனை நீட்டித்தால் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்றுவிடும். அரிதின் முயன்று பெற்ற மருந்தை அளவறிந்து பயன்படுத்துவதே அவ்வறிஞருக்கு நாம் செய்யும் கைம்மாறு.