காப்போரைக் காத்தவர்

நோயாளியின் அருகில் இரவும் பகலும் விழித்திருந்து பணிபுரிவோர் செவிலியர். அவர்தம் தொண்டை உலகம் வாயாரப் புகழ்கிறது. ஆயினும், அவர்கள் உண்டார்களா, உறங்கினார்களா, உழைப்புக்கேற்ற ஊதியம் பெற்றார்களா என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வாறு எண்ணியதோடு நில்லாமல், அதற்கு வழியும் கண்டவர் புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார். அவரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று போற்றுவர்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலி நாட்டின் புளோரன்சு நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பம் அது. தந்தையிடமே பல மொழிகளையும் வரலாற்றையும் கற்ற அவருக்கு, நோயுற்றோர்க்குப் பணிபுரிய வேண்டும் என்னும் விருப்பம் இளமையிலேயே தோன்றியது. பெற்றோர் அதற்கு இசையவில்லை. செவிலியர் பணிக்கு அந்நாளில் மதிப்பில்லை. முறையான பயிற்சியும் இல்லை. ஊதியமோ மிகக் குறைவு. பல ஆண்டுகள் பொறுமையுடன் காத்திருந்த அம்மையார், 1851இல் செருமனியின் கைசர்சுவெர்த் என்னும் ஊருக்குச் சென்று பயிற்சி பெற்றார்.

1853இல் இலண்டனில் பெண்களுக்கான சிறு மருத்துவமனை ஒன்றின் பொறுப்பு அவரிடம் வந்தது. செவிலியர் நாள் முழுவதும் மாடிப்படிகளில் ஏறி இறங்கியே களைத்துப் போவதை அவர் கண்டார். வெந்நீருக்கு ஒருமுறை, உணவுக்கு ஒருமுறை, அழைத்த நோயாளி யாரெனத் தேடி ஒருமுறை என அவர்கள் அலைந்தனர். ஆகவே, ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே வெந்நீர் வரச் செய்தார். உணவை மேலே ஏற்றும் பொறி ஒன்றை அமைக்கச் செய்தார். எந்த நோயாளி அழைக்கிறார் என்பதைக் காட்டும் மணிகளையும் பொருத்தச் செய்தார். செவிலியரின் கால்கள் ஓய்ந்தால் நோயாளிக்குக் கைகொடுப்பார் யார் என்பதே அவர் எண்ணம்.

1854இல் கிரிமியப் போர் நடந்தது. காயமுற்ற ஆங்கிலேயப் படைவீரர்கள் துருக்கி நாட்டின் சுகுட்டாரி மருத்துவமனையில் பேணுவாரின்றி வாடினர். அரசின் வேண்டுகோளை ஏற்று, அம்மையார் 38 செவிலியருடன் அங்குச் சென்றார். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அறைகள் சிலவே. அவற்றிலும் அழுக்கும் எலிகளும் நிறைந்திருந்தன. அவ்விடர்களுக்கிடையிலும் மருத்துவமனையைத் தூய்மை செய்து, நல்லுணவுக்கு ஏற்பாடு செய்தனர். இரவில் விளக்கேந்தி நோயாளிகளைக் காண அம்மையார் சென்ற காட்சி வீரர்களின் நெஞ்சில் நிலைத்தது.

நன்றி மிகுந்த மக்கள் அவருக்காக நிதி திரட்டினர். படைவீரரும் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை வழங்கினர். ஏறத்தாழ 45,000 பவுன் சேர்ந்தது. அம்மையார் அதனைத் தமக்கெனக் கொள்ளவில்லை. அந்நிதியைக் கொண்டு 1860இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. அங்குப் பயின்ற பெண்களுக்கு உணவும் உறைவிடமும் சீருடையும் அளித்ததோடு, ஆண்டுக்கு 10 பவுன் உதவித்தொகையும் வழங்கினர். ஒவ்வொருவருக்கும் தனி அறை இருந்தது. மதிப்பற்றதாக இருந்த வேலை, கற்றுத் தேர்ந்து செய்யும் பெருமைக்குரிய பணியாயிற்று.

அங்குப் பயின்றவருள் ஒருவர் ஆக்னசு சோன்சு. இலிவர்ப்பூல் நகரில் ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே தங்கியிருந்த ஏழைப் பெண்களே, பயிற்சியும் ஊதியமும் இன்றி நோயாளிகளைக் கவனித்து வந்தனர். 1865இல் ஆக்னசு, பயிற்சி பெற்ற 12 செவிலியருடன் அப்பொறுப்பை ஏற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பேணும் பணி அது. விடியுமுன் எழுந்து நள்ளிரவு நெருங்கும் வரை உழைத்த அவர், நச்சுக் காய்ச்சலுக்கு ஆளாகி 1868இல் தம் 35ஆம் வயதில் மறைந்தார். மாணவியின் மறைவு அம்மையாரை வாட்டியது. ஆக்னசின் வாழ்வைப் பற்றிக் கட்டுரை வரைந்து, அவர் விட்ட பணியைத் தொடர வருமாறு பெண்களை வேண்டினார்.

1876இல், ஏழைகளின் வீடு தேடிச் சென்று பணிபுரியும் செவிலியருக்கு நல்ல இல்லம் தேவை என்று நாளிதழில் எழுதினார். பகலெல்லாம் உழைத்துத் திரும்புவோர் தம் உணவைத் தாமே சமைத்து, வீட்டையும் துப்புரவு செய்யும் நிலை இருந்தால், அவர்கள் நெடுநாள் பணியில் நிலைக்க இயலாது என்பதை எடுத்துரைத்தார். நோயினால் வீட்டிலேயே முடங்கியிருந்த காலத்திலும், தம் மாணவியரைத் தேநீர் விருந்துக்கு அழைத்து நலம் உசாவினார். தொலைவில் பணிபுரிந்தோர்க்குக் கடிதங்கள் எழுதி ஊக்கமூட்டினார்.

1907இல் ஆங்கில அரசின் உயரிய விருதான 'ஆர்டர் ஆஃப் மெரிட்' அவருக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1910 ஆகத்து 13ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். அவர் பிறந்த மே 12ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் சிறந்த செவிலியருக்கு வழங்கப்படும் தேசிய விருதும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

நம் ஊர் மருத்துவமனைகளிலும், பெற்றோரையும் பிறந்த ஊரையும் விட்டு வந்து பணிபுரியும் செவிலியர் பலரைக் காணலாம். அவர்களுக்கு விருதும் பாராட்டும் வேண்டும். அவற்றோடு நல்ல ஊதியமும், போதிய ஓய்வும், பாதுகாப்பான உறைவிடமும் வேண்டும். காப்போரைக் காத்தலும் சமுதாயத்தின் கடமையே என்பதை அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

சிந்தித்து விடை தருக

1. இலண்டன் மருத்துவமனையில் அம்மையார் செய்த மாற்றங்களால் நோயாளிகள் அடைந்த பயன் யாது?
2. ஆக்னசு சோன்சின் வாழ்விலிருந்து நீ அறிந்துகொள்வன யாவை?
3. உன் ஊரில் பணிபுரியும் செவிலியர் ஒருவரைக் கண்டு, அவருடைய ஒரு நாள் பணியைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.